மூடுபனிக் காட்டை நீர்வண்ணத்தில் தீட்டுவது: முதல் வாஷ் முதல் கடைசிக் கிளை வரை

காட்டை வரைய உட்காரும் புதியவர்களில் பலர் முதலில் மரத்தைத்தான் வரைகிறார்கள். தண்டு, கிளை, இலை என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டுக் கடைசியில் தூரிகையில் கொஞ்சம் வெள்ளையை எடுத்துக்கொண்டு, “இனி பனியைப் போட வேண்டியதுதான்” என்கிறார்கள். அந்தப் பனி மரங்களுக்கு நடுவே போய் நிற்பதில்லை. தாளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. நானே அப்படி மூன்று நல்ல தாள்களைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கியிருக்கிறேன்.

இங்கே வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறோம். முதலில் காற்று, அதற்குப் பிறகு மரம். நீர்வண்ணத்தில் எப்போதும் வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கித்தான் போக முடியும். பனி படிந்த காடும் தூரத்து வெளுப்பிலிருந்து அருகிலுள்ள இருட்டை நோக்கித்தான் வருகிறது. காட்சியின் வரிசையும் வண்ணத்தின் வரிசையும் ஒன்றாக இருப்பதால் இந்த முறை இதற்கு மிகவும் ஒத்துவரும். ஆயில், அக்ரிலிக்கில் வேலை செய்பவர்களுக்கும் 2, 3, 4 ஆம் பகுதிகள் அப்படியே பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையருகே இருக்க வேண்டியவை

தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, முழுக்கப் பருத்தியாலான, லேசான சொரசொரப்புள்ள தாள் வேண்டும். மரக்கூழில் செய்த மெல்லிய தாள் சீக்கிரம் காய்ந்துவிடும், நெளியும். இந்த ஓவியமே ஈரத்தோடு நடக்கிற வேலை. ஈரம் பத்து நிமிடமாவது நிற்காத தாளில் எவ்வளவு திறமை இருந்தாலும் பயனில்லை. அளவு 28 × 38 செ.மீ. போதும். இதைவிடப் பெரிதாக எடுத்தால், ஒரு மூலையை நனைத்து முடிப்பதற்குள் மறுமூலை காய்ந்துவிடும்.

தூரிகைகள் நான்கு: நீர் தடவ அகலமான மென்தூரிகை ஒன்று, 12 ஆம் எண் உருண்டைத் தூரிகை, 6 ஆம் எண் உருண்டைத் தூரிகை, கிளைகளுக்கு நீண்ட மெல்லிய முடியுள்ள ரிக்கர். இவை தவிர, தாளை ஒட்டப் பலகை, மாஸ்கிங் டேப், இரண்டு பாத்திரங்களில் நீர், பழைய பருத்தித் துணி, ஒரு ஸ்பிரே பாட்டில். நீருக்கு ஏன் இரண்டு பாத்திரம்? ஒன்று தூரிகை கழுவ, மற்றது சுத்தமாகவே இருக்க. பனியின் நிறம் மிக மெல்லியது. கலங்கிய நீரை அதில் தொட்டால் பனி புகையாகிவிடும்.

பலகையின் பின்பக்கத்துக்கு ஒரு முட்டுக்கொடுங்கள். இரண்டு மூன்று செ.மீ. உயரம் போதும். வண்ணம் மெல்லக் கீழ்நோக்கி இறங்கும் அளவுக்குச் சரிவு இருக்க வேண்டும், ஓடும் அளவுக்கு இருக்கக் கூடாது.

2. ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்

பென்சிலைத் தொடுவதற்கு முன், இந்தக் காடு எப்படிப்பட்டது என்பதை ஒரு வாக்கியமாக ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். “அழகான காடு”, “அமைதியான காடு” என்று எழுதினால் உதவாது. அமைதியை எந்தத் தூரிகையாலும் தொட்டு எடுக்க முடியாது. வாக்கியத்தில் மூன்று செய்திகள் வேண்டும்: நேரம், காற்றில் என்ன இருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது.

இப்படி எழுதலாம்: “சூரியன் எழுந்து அரைமணி நேரம், தரையை ஒட்டிப் பனி, வெளிச்சம் மரங்களுக்குப் பின்னால் இடப்பக்கத்திலிருந்து.” அல்லது: “மழை விட்ட மாலை, காற்று கழுவிவிட்டதுபோலத் தெளிவு, வெளிச்சம் மேலிருந்து பொதுவாக.” இரண்டும் ஒரே மரங்கள்தான், ஆனால் ஒன்றின் வண்ணம் மற்றதற்கு ஒத்துவராது.

இந்த வாக்கியம் ஓவியம் முடியும்வரை கண்ணெதிரே இருக்கட்டும். பாதியில் ஒரு பாறையையோ ஓடையையோ சேர்க்க ஆசை வரும். அப்போது வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். அதற்கு உதவாததாக இருந்தால் அந்தப் பாறை அடுத்த ஓவியத்துக்கு.

இந்த வழிகாட்டிக்கு முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன்: விடிந்து அரைமணி, தரைப்பனி, வெளிச்சம் எதிரே இடப்பக்கத்திலிருந்து.

3. எதை வெட்டி எறிவது

காடு என்றால் கூட்டம். அதில் பாதியைத் தூக்கிப் போடாமல் ஓவியம் ஆகாது. முதலில் முடிவு செய்ய வேண்டியது வானத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பது. மரங்களின் உச்சியைத் தாளுக்கு வெளியே வெட்டிவிட்டால் பார்ப்பவர் காட்டுக்குள் நிற்கிறார். உச்சியும் வானமும் தெரிந்தால் காட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறார். ஆஸ்திரிய ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் 1902-இல் தீட்டிய பீச் (beech) மரத்தோப்பு ஒன்று ஒரு மீட்டர்ச் சதுரம். அதில் மர உச்சிகள் இல்லை, தொடுவானம் மேலே ஏறியிருக்கிறது, தரையெல்லாம் சருகு. பார்ப்பவர் வெளியேற வழியே இல்லை. மூச்சடைக்கும் காடு வேண்டுமென்றால் இது வழி. நம்முடைய பனிக்காட்டுக்கும் உச்சிகளை வெட்டிவிடுவோம். ஆனால் தொடுவானத்தைத் தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைப்போம், ஏனென்றால் பனிக்கு இடம் வேண்டும்.

தண்டுகளை வைக்கும்போது எல்லாரும் செய்யும் தவறு, வேலிக்கம்பிபோல ஒரே இடைவெளியில் நடுவது. கையை அதன் போக்கில் விட்டால் அது எப்போதும் சம இடைவெளியைத்தான் தேடும். மூன்று தண்டுகளை நெருக்கி ஒரு பக்கம் வையுங்கள், பெரிய வெற்றிடம் விடுங்கள், பிறகு ஒன்றைத் தனியாக நிறுத்துங்கள். அந்த வெற்றிடத்தில்தான் பனி வாழப்போகிறது. தண்டுகளின் அடி எல்லாம் ஒரே கோட்டில் நிற்பதும் இன்னொரு தவறு. அருகிலுள்ள மரத்தின் அடி தாளில் கீழே இருக்கும், தூரம் போகப் போக மேலே ஏறும்.

4. மூன்று டோனில் சிறு படங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதவர் மிகக் குறைவு. தாண்டியவர்களின் ஓவியத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

டோன் என்றால், நிறம் எதுவானாலும் அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்கிற அளவு. மஞ்சளும் சாம்பலும் ஒரே டோனில் இருக்கலாம். காட்டின் மனநிலையில் முக்கால்வாசியை டோனே தீர்மானிக்கிறது, நிறம் மீதியைத்தான் செய்கிறது. சந்தேகம் இருந்தால், உங்களுக்குப் பிடித்த காட்டுப் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பனி அப்போதும் பனியாகத்தான் இருக்கும்.

வெற்றுத்தாளை 1 என்றும் முழுக் கறுப்பை 9 என்றும் வைத்துக்கொள்வோம். பனிக்காட்டில் தூரம் 2, 3, நடுத்தளம் 4, 5, முன்தளம் 7. முன்னே தனியாக நிற்கும் முன்மரத்தின் ஓரிடத்தில் மட்டும் 8. 9 எங்குமே இல்லை. அடர்ந்த, வெளிச்சம் புகாத காடு என்றால் கணக்கு மாறும்: எல்லாம் 5-க்கும் 9-க்கும் இடையில், தாளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஓரிடத்தில் மட்டும் 1. மழைநாள் என்றால் 3-இலிருந்து 6 வரை குறுக்கிக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எல்லாவற்றையும் ஒரே படத்தில் பயன்படுத்துகிறவருக்குக் காடு கிடைக்கும், மனநிலை கிடைக்காது.

இப்போது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய நான்கு கட்டங்களைப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மென்பென்சிலால் மூன்றே டோனில் காட்சியை நிரப்புங்கள். இலை கூடாது, பட்டையின் கீறல் கூடாது. வெறும் திட்டுகள். ஒரு கட்டத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் நீங்கள் மரம் வரையத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

ஏன் நான்கு? முதல் படம் எப்போதும் பார்த்ததை அப்படியே போடும். இரண்டாவது, முதலாவதின் திருத்தம். மூன்றாவதில்தான் கை சலித்துப்போய் வேறு ஏதாவது செய்து பார்க்கும். என் அனுபவத்தில் பெரும்பாலும் மூன்றாவதுதான் தேறுகிறது.

தேர்ந்தெடுத்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு நான்கைந்து அடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது இருட்டு, எது வெளிச்சம், கண் எங்கே போய் நிற்கிறது என்று உடனே சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வண்ணத்தைத் திறக்க இன்னும் நேரம் வரவில்லை.

5. வண்ணங்களைக் குறைத்தல்

மூன்றே போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா சியன்னா (மஞ்சள் பழுப்பு). நான்காவதாக ஏதேனும் ஒரு குளிர்ந்த சிவப்பைத் துளி வைத்துக்கொள்ளலாம், விடியலின் இளஞ்சிவப்புக்கு.

அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். கெட்டியாகக் கலந்தால் ஏறத்தாழக் கறுப்பு. காட்டின் எல்லா இருட்டும் இந்த ஒரே கலவையின் குழந்தைகள் என்பதால் ஓவியம் தானாகவே ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அல்ட்ராமரின் தாளின் குழிகளில் பொடிப்பொடியாகப் படியும் தன்மை கொண்டது. மற்ற காட்சிகளில் அது தொல்லை. பனியில் அது வரம்.

பச்சை எங்கே என்று கேட்பீர்கள். அல்ட்ராமரினோடு ரா சியன்னா சேர்த்தால் மங்கிய ஆலிவ் பச்சை கிடைக்கிறது. விடிகாலைக் காட்டுக்கு அதற்கு மேல் பச்சை தேவையில்லை. குழாயிலிருந்து நேராக எடுக்கும் தாலோ பச்சையை இந்த ஓவியத்தில் தொடாதீர்கள். அது தாளின் நாரில் கறையாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஈரத்தூரிகையால் எடுக்கவும் வராது. பழகுபவர் ஒருவர் முதல் வாஷிலேயே (நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசும் முதல் பூச்சிலேயே) அதைப் போட்டுவிட்டு, மீதி மூன்று மணிநேரமும் அந்தப் பச்சையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வென்றது பச்சைதான்.

தாளை நனைப்பதற்கு முன்பே மூன்று குட்டைகளைக் கலந்து வையுங்கள்: பாலைப்போல மெல்லியதாகப் பனிக்கு, கெட்டி மோரைப்போல நடுத்தளத்துக்கு, தேனைப்போல முன்மரத்துக்கு. தாள் நனைந்தபின் கலக்க உட்கார்ந்தால் தாள் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டுப் பாருங்கள். நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிவது காய்ந்தபின் ஒரு படி குறைந்துதான் இருக்கும், ஆகவே எப்போதும் ஒரு படி அதிகமாகவே கலக்க வேண்டும்.

6. முதல் வாஷ்: காற்று

தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டுங்கள். முன்மரத்தின் இடத்தையும் தொடுவானத்தையும் மட்டும் மிக மெலிதாகப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மரங்களுக்குக் கோடே வேண்டாம், கோடு இருந்தால் கை அதைப் பின்பற்றும்.

அகலத் தூரிகையால் தாள் முழுவதையும் சுத்தமான நீரால் நனையுங்கள். இரண்டு நிமிடம் விட்டு மறுபடியும் நனையுங்கள். முதல் நனைப்பு தாளுக்குள் போகிறது, இரண்டாவதுதான் மேலே நிற்கிறது. அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். பிறகு, “ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது” என்று தாளின்மேல் குறை சொல்வார்கள்.

வெளிச்சம் வரும் இடத்தில், நம் படத்தில் இடப்பக்கம் மேலே, ரா சியன்னாவை மிக மெலிதாக விடுங்கள். அதன் நடுவே ஒரு கையளவு இடத்தை வெறும் தாளாகவே விட்டுவிடுங்கள். அங்கிருந்து வெளியே வரவரக் குளிர்ந்த சிவப்பில் ஒரு சாயல், அதற்கும் வெளியே பனியின் குளிர்ந்த சாம்பல். தரைவரை இதே வாஷ் இறங்கட்டும். தரைக்கு வேறு நிறம் என்று இப்போதே பிரிக்காதீர்கள்.

இங்கே ஓர் அறிவியல் செய்தி வேலைக்கு ஆகும். தெளிவான நாளில் தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம், காற்றிலுள்ள மிகச் சிறு மூலக்கூறுகள் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகம் சிதறடிப்பது. பனியின் நீர்த்துளிகள் அவற்றைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அதனால்தான் பனி வெள்ளை. “தூரம் என்றால் நீலம்” என்று படித்துவிட்டு வந்து, பனிக்குள் நிற்கும் மரங்களுக்கு நீலத்தை ஏற்றுகிறவர்களுக்கு ஓவியம் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று புரிவதில்லை. பனியில் தூரத்து மரம் எடுத்துக்கொள்வது பனியின் நிறத்தை. சூரியன் பக்கம் அது இளமஞ்சள், எதிர்ப்பக்கம் குளிர்ந்த சாம்பல்.

7. தூரத்து மரங்கள்: ஈரத்தின் நான்கு நிலைகள்

ஓவியம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். அதனால் மெதுவாகப் போவோம்.

தலையைச் சாய்த்து, தாளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். முதல் நிலையில் நீர் குட்டையாக நிற்கும், கண்ணாடிபோல ஒளிரும். இப்போது தூரிகை வைத்தால் மரம் கரைந்து காணாமல் போகும். இரண்டாம் நிலையில் குட்டை போய்ப் பளபளப்பு மட்டும் மிஞ்சும். வானத்துத் திட்டுகளுக்கு இது நல்லது, மரத்துக்கு இன்னும் சீக்கிரம். மூன்றாம் நிலையில் பளபளப்பு மங்கிப் பட்டுத்துணிபோல ஒரு மினுக்கம் தெரியும். தாளின் சொரசொரப்பு எட்டிப் பார்க்கும். இதுதான் நேரம். நான்காம் நிலையில் மினுக்கமே இல்லை, காய்ந்ததுபோலத் தோன்றும். புறங்கையை மேலே வைத்தால் மட்டும் குளிர்ச்சி தெரியும். இந்த நிலையில் தாளைத் தொடவே கூடாது.

மூன்றாம் நிலை வந்ததும் 12 ஆம் எண் தூரிகையில் மோர்க் கலவையைவிடச் சற்றே இளகியதை எடுத்து, துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டு, தண்டை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுங்கள். ஒற்றுவதற்குக் காரணம் உண்டு. தாளில் இருக்கும் ஈரத்தைவிடத் தூரிகையில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் அந்த நீர் ஈரம் குறைந்த பக்கமாகப் பரவி, அங்கே இருக்கும் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கும். காலிஃபிளவர் மாதிரி ஒரு வடிவம் பூத்து நிற்கும். அது வந்தபிறகு துடைத்தால் இன்னும் பெரிதாகும்.

தண்டின் அடியைத் தரைவரை கொண்டுபோகாதீர்கள். பாதியிலேயே தூரிகையைத் தூக்கிவிடுங்கள். தரைப்பனி என்பது கீழே தங்கும் குளிர்ந்த காற்றில் பிறப்பது, அது கீழேதான் அடர்த்தி. எனவே தூரத்து மரம் மேலே தெரியும், கீழே கரையும். புதியவர்களின் கை இதற்கு மாறாக, மரத்தை “நட்டுவைக்க” ஆசைப்பட்டு அடியில் அழுத்தும். ஏழெட்டுத் தண்டுகள் போதும். நடுவே ஒன்றிரண்டு இலைத் திட்டுகள், அதுவும் தூரிகையின் வயிற்றால் அழுத்தி எடுத்தவை.

அடுத்து முழுவதுமாகக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வைத்திருப்பவர்கள் மினுக்கம் முழுதும் போனபின் மட்டும் தூரத்தில் பிடித்துப் பயன்படுத்தலாம். ஈரக் குட்டையின்மேல் ஊதினால் வண்ணம் ஓடும். புறங்கையில் குளிர்ச்சி தெரியாமல் போகும்வரை அடுத்த வேலை இல்லை. இந்த இடைவெளியில் ஓவியத்தை விட்டு எழுந்து போய்விடுவது நல்லது. பக்கத்திலேயே இருந்தால் தொட்டுவிடுவீர்கள்.

8. நடுத்தளம்

காய்ந்த தாளில், நடுத்தள மரங்கள் வரும் பகுதியின் கீழ்ப்பாதியை மட்டும் மென்தூரிகையால் மறுபடியும் நனையுங்கள். ஒரே இடத்தில் இரண்டுமுறை தேய்த்தால் கீழே இருக்கும் வண்ணம் கிளம்பிவிடும், ஒரே தடவல்தான். இப்போது மோர்க் கலவையால் தண்டுகளை வரையுங்கள். மேலே தாள் காய்ந்திருப்பதால் விளிம்பு கூர்மையாக வரும். கீழே ஈரத்தில் நுழைந்ததும் தானாகக் கரையும். ஒரே இழுப்பில் கூர்மையும் கரைவும் சேர்ந்து கிடைக்கிற இந்த இடத்துக்காகவே நான் நீர்வண்ணத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

இலைக்கூட்டத்தின் நடுவே வானம் தெரியும் ஓட்டைகளைக் கவனியுங்கள். அவற்றைத் திறந்த வானத்தின் அதே வெளிச்சத்தில் விட்டுவிட்டால் யாரோ வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல முன்னே குதிக்கும். ஓட்டை சிறிதாகச் சிறிதாக அதைச் சற்று இருட்டாக்க வேண்டும். அங்கே கண்ணுக்குத் தெரியாத சிறு கிளைகளும் இலை ஓரங்களும் வெளிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. காய்ந்தபின் மெல்லிய சாம்பல் வாஷை அந்த ஓட்டைகளின்மேல் மட்டும் ஒருமுறை ஓட்டினால் போதும்.

9. தரையும் வெளிச்சப் பொட்டுகளும்

தரைக்கு அதிகம் செய்யாதீர்கள். பனி தரையைத் தின்றுவிட்ட காட்சி இது. முன்பக்கத்தில் மட்டும் பர்ன்ட் சியன்னா கூடிய கலவையைப் படுக்கைவாட்டில் இழுத்து, பின்னே போகப் போக நீரால் கரைத்துவிடுங்கள். ஒவ்வொரு புல்லையும் வரைகிறவர்கள் உண்டு. வரைந்து முடித்ததும் கண் புல்லைவிட்டு எழாது.

பனி கலைந்து வெயில் இறங்கும் காட்டை வரைவதானால் மட்டும் தரையில் வெளிச்சப் பொட்டுகள் வேண்டும். அவற்றை இலையிடுக்கின் வடிவத்தில் கோணல்மாணலாக வரைவது எல்லாரும் செய்வது. ஒரு மரத்தடியில் போய்க் குனிந்து பாருங்கள். இடுக்கு எப்படிக் கோணலாக இருந்தாலும் கீழே விழுகிற பொட்டு வட்டமாகவே இருக்கும். சிறிய இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராபோலச் செயல்பட்டுச் சூரியனின் உருவத்தையே தரையில் விழவைக்கிறது. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அதே பொட்டுகள் பிறைப்பிறையாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் இருக்காது.

பொட்டின் அளவுக்கும் கணக்கு உண்டு. இடுக்குக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. பத்து மீட்டர் உயரத்து இடுக்கிலிருந்து வருவது சுமார் பத்து செ.மீ. பொட்டு. உயர்ந்த மரக்காட்டில் பொட்டு பெரிதாகவும் ஓரம் மங்கியும் இருக்கும், புதர்க்காட்டில் சிறிதாகவும் கூர்மையாகவும் இருக்கும். வெயில் சாய்வாக விழும்போது வட்டம் நீள்வட்டமாகும். நாம் தரையைச் சாய்கோணத்தில் பார்ப்பதால் தாளில் அது இன்னும் தட்டையாகும். எனவே தட்டையான முட்டை வடிவங்கள், சில ஒன்றோடொன்று ஒட்டியவை, பின்னே போகப் போக வெறும் கோடுகள். இவற்றை முதலிலேயே வெறும் தாளாக விட்டு, சுற்றி நிழலைப் போட வேண்டும். பிறகு வெள்ளையால் வைத்தால் சிந்திய மாவுபோலத் தெரியும்.

10. முன்மரம்

ஒன்றே ஒன்று. இரண்டு என்றால் அவை ஒன்றையொன்று பார்த்துப் போட்டியிடும்.

தேன் கலவை இப்போதுதான் வெளியே வருகிறது. காய்ந்த தாளில், தண்டை ஒரு பக்கம் நீலம் கூடியதாகவும் வெளிச்சப் பக்கம் சியன்னா கூடியதாகவும் தொட்டுத் தாளிலேயே இரண்டும் கலக்கவிடுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் தண்டின் இடது ஓரத்தில் நூலளவு வெறும் கோட்டை விடலாம், அதுவும் விட்டுவிட்டு. முழு நீளமும் விட்டால் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல ஆகிவிடும்.

பட்டையின் சொரசொரப்புக்குத் தூரிகையைத் துணியில் நன்றாக ஒற்றி, படுக்கையாகப் பிடித்து உரசுங்கள். தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். இதைத் தண்டின் ஒரு சிறு பகுதியில் செய்தால் போதும். மீதித் தண்டிலும் பட்டை இருப்பதாகப் பார்ப்பவரின் கண்ணே நம்பிக்கொள்ளும். கிளைகளை ரிக்கரால் தண்டிலிருந்து வெளிநோக்கி இழுங்கள், முனைக்குப் போகப் போக அழுத்தத்தைக் குறைத்து. முனையிலிருந்து தண்டை நோக்கி இழுக்கும் கிளை எப்போதும் முனையில் தடித்துவிடும்.

8 ஆம் டோன் இந்த மரத்தில், வெளிச்சப் பின்னணிக்கு எதிரே வருகிற ஓரிடத்தில் மட்டும். படத்தின் மிகப் பெரிய இருட்டும் மிகப் பெரிய வெளிச்சமும் அங்கே சந்திக்கட்டும். கண் வந்து நிற்பது அங்கேதான்.

11. ஒளிக்கற்றை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கேட்காமல் இருக்க முடியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓவியம் முழுவதும் காய்ந்தபின், இரண்டு டேப்புகளுக்கு நடுவே ஒரு நீண்ட இடைவெளி விட்டு ஒட்டி, ஈரமான ஸ்பாஞ்சால் மெல்ல ஒருமுறை துடைத்து எடுங்கள். டேப்பை முதலில் துணியில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தாளின் தோல் உரிந்து வரும்.

கதிர்கள் உண்மையில் இணையாகத்தான் வருகின்றன. ரயில் தண்டவாளம் தூரத்தில் குவிவதுபோல, நம் கண்ணுக்குச் சூரியன் இருக்கும் புள்ளியிலிருந்து விரிவதாகத் தெரிகின்றன. எனவே எல்லாக் கதிரும் ஒரே புள்ளியைக் காட்ட வேண்டும். அந்தப் புள்ளி, நாம் முதல் வாஷில் வெறுமையாக விட்ட இடம். கதிர் இருட்டான பின்னணியில்தான் தெரியும். வெளுத்த பனியின்மேல் துடைத்து ஒன்றும் வராது. சில தண்டுகளுக்கு முன்னால் கதிர் போவதால் அந்தத் தண்டுகளும் அங்கே சற்று வெளுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கதிர் தண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

12. நிறுத்துவதும் திருத்துவதும்

முன்மரம் முடிந்ததும் தூரிகைகளைக் கழுவி வைத்துவிடுங்கள். பத்தடி தள்ளி நின்று, இரண்டாம் பகுதியில் எழுதிய வாக்கியத்தையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் பழகிப்போன பிழைகள் துருத்திக்கொண்டு தெரியும்.

நடுத்தளம் மெலிந்து தெரிந்தால் காய்ந்தபின் இன்னொரு மெல்லிய வாஷ் ஏற்றலாம். தூரம் இருட்டாகிவிட்டால் சுத்தமான ஈர ஸ்பாஞ்சால் ஒருமுறை ஒற்றி எடுத்துப் பார்க்கலாம். அல்ட்ராமரின் ஓரளவு விட்டுக்கொடுக்கும். அதற்கும் மசியாவிட்டால் முன்மரத்தை இன்னும் அரைப்படி இருட்டாக்குங்கள். பின்னே இருப்பது ஒப்பீட்டில் வெளுத்துவிடும். வெள்ளைக் குவாஷை (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணத்தை) எடுத்துப் பனி பூச மட்டும் கிளம்பாதீர்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டேப்பை மறுநாள் எடுங்கள். ஹேர் டிரையரால் சற்றுச் சூடாக்கி, ஓவியத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாய்த்து மெதுவாக இழுத்தால் தாள் கிழியாது. கையெழுத்தை நடுத்தளத்துச் சாம்பலில் போடுங்கள். சிவப்பில் போட்டால் இவ்வளவு நேரம் பனிக்குள் பழகிய கண் நேராக உங்கள் பெயரில் போய் விழும்.